இலைக்கு அடியில் வடை

ஜூலை 26, சனி

ஆடிக் காற்று. கொடியில் போட்ட இவருடைய வேட்டி எதிர்வீட்டு மாடியில். நாளை மாமனார் நினைவு நாள். வழக்கம்போல ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு. வாங்க வேண்டியது: உளுந்து, ஜவ்வரிசி, என் முழங்காலுக்குத் தைலம். வாழை இலை தொட்டியத்திலிருந்து காலையில் வந்துவிடும்.

பேனர் அடிக்கலாமா என்று கேட்டார். "உங்க அப்பா என்ன எலெக்ஷன்லயா நிக்கறாரு?" என்றேன். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பந்தி நன்றாகத்தான் நடந்தது. புதிதாக ஒரு பெண், ஏழெட்டு வயது இருக்கும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வசந்தா, யார் பெயரையும் வெளியில் சொல்லக்கூடாது என்றிருக்கிறாள். இங்கேயும் மீ. என்றே எழுதுகிறேன். தலை நிமிராமல் சாப்பிட்டாள். வடைக்கு மட்டும் கையை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமை வேறு.

இவர் வீட்டில் ஒரு வழக்கம். சாப்பாடு போட்டவர்களே எச்சில் இலையையும் எடுக்க வேண்டும், அதில்தான் புண்ணியமாம். பிள்ளைகள் கை கழுவப் போனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லா இலைகளையும் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டார். மீ. திரும்பி வந்தாள். இலை இருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நேரே போய் வாளிக்குள் கையை விட்டாள். இலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள், வாங்கின வடையையெல்லாம். எச்சிலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"பாப்பா, அது எச்சில்மா, தாத்தா வேற தரேன்" என்று இவர் கிட்டே போனார். குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டது. அடி விழும் என்று. இவர் அப்படியே நின்றுவிட்டார்.

வசந்தா அதட்டவில்லை. ஓடி வரவும் இல்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். "அது உன்னோடதுதான்டா. யாரும் புடுங்க மாட்டாங்க." அவ்வளவுதான். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம்! நானாக இருந்தால் வடையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டிருப்பேன்.



ஜூலை 29, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வசந்தாவுக்கு போன் செய்தேன். மீ. அன்று இரவு ஒன்றும் சாப்பிடவில்லையாம். நேற்று கொஞ்சம்.

"முந்தி இருந்த வீட்டுல இவள உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுவாங்கம்மா. எப்ப வருவாங்கன்னே தெரியாது. கிடைக்கும்போது ஒளிச்சு வெச்சாத்தான் உண்டு."

"எப்பதான் சரியாகும்?"

"நாளைக்கும் சோறு இருக்கும்னு அவளா நம்பணும். நாம சொல்லி வர்றதில்ல."

அவளுக்கு ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்களாம். அவளே மூடுவாள், அவளே திறப்பாள், தலைமாட்டில் இருக்கும். குறைந்தால் வசந்தா கேள்வி கேட்காமல் நிரப்புவாள். கெட்டுப்போகாத பண்டமாக இருந்தால் உதவியாக இருக்கும் என்றாள். தட்டை செய்து தருகிறேன் என்றேன். வேறென்ன வேண்டும் என்றும் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா சாப்பாடு மூணு எடத்துலேர்ந்து வருது. புள்ளைங்க பயந்து எந்திரிச்சா பக்கத்துல இருக்க, ராத்திரி முழுக்க ஒருத்தி முழிச்சு உக்காந்திருக்கா. அவ சம்பளத்தக் குடுக்கத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது. அதுல போட்டோ எடுக்க ஒண்ணுமில்ல பாருங்க."

விடியும்வரை ஒருத்தி முழித்திருக்கிறாள். இத்தனை வருஷம் போய் வந்தும் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. தேங்காய் சாதம் கொஞ்சம் உப்பு.

இவராகவே ஆரம்பித்தார். "இனிமே பந்தி வேணாம். அந்த ராத்திரி முழிக்கிற பொண்ணு சம்பளத்த மாசாமாசம் நாம பாத்துக்கலாம்."

"அதுல உங்க அப்பா பேரு போட மாட்டாங்க."

"வேணாம்."

இந்த மனுஷரா! கைலாசபுரத்தில் வேலை பார்த்த காலத்தில், கோவிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில்கூடப் பேர் எழுதினவர். இன்னொரு கரண்டி தேங்காய் சாதம் வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். தட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாட்டு. மீ. படியில், மடியில் டப்பா. என்னைப் பார்த்ததும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த புள்ளைங்க எடுத்துட மாட்டாங்களா?" என்று வசந்தாவிடம் கேட்டேன்.

"ஒருத்தர் தொட மாட்டாங்கம்மா. இங்க நெறைய பேருக்கு வந்த புதுசுல ஒரு டப்பா இருந்துச்சு."

கூச்சல் போட்டு ஓடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளை நின்று பார்த்தேன். கும்பிடத் தோன்றியது. பஸ்ஸில் வரும்போது கண்ணில் தண்ணீர், பக்கத்து சீட்டுப் பெண் என்னம்மா என்றாள். தூசி என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

மீ. பள்ளிக்கூடத்துக்கும் பைக்குள் டப்பாவை வைத்துக்கொண்டுதான் போகிறாளாம். டீச்சரிடம் வசந்தா சொல்லி வைத்திருக்கிறாள். பல் டாக்டர் திங்கள்கிழமை வரச் சொன்னார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் தூறல். புதுத் தட்டையோடு போனேன். வசந்தா கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேடைமேல் மீ.யின் டப்பா. பகீர் என்றது.

"தொறந்து பாருங்கம்மா."

திறந்தேன். உள்ளே முழுக்க எறும்பு. தட்டை நமுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மூடியைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறாள்.

"கட்டிலுக்கு அடியில கெடந்துச்சும்மா. பல நாளா எடுக்கவே இல்ல போல." வசந்தா மூடிமேல் ஊர்ந்த எறும்பை ஊதிவிட்டாள். "மறந்துட்டாம்மா."

வெளியில் மழைத் தண்ணீரில் யாரோ, "நான் அவுட் இல்ல, நீதான் அவுட்" என்று கத்திச் சண்டை. அது மீ. என்று வசந்தா சொல்லித்தான் தெரிந்தது. அவள் குரல் என்று இதற்கு முன் நான் கேட்டதே அன்றைக்குப் போட்ட அந்தச் சத்தம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஏன், தட்டை நல்லா இல்லையா?" என்றார்.

"இல்லீங்க. நாளைக்கும் சோறு இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு அவளுக்கு."

முகத்தைக் காட்டாமல் எழுந்து போய் மோட்டார் போட்டார். டேங்க் நிறைந்துதான் இருந்தது. வழிந்து தெருவில் ஓடுகிறது, நான் நிறுத்தச் சொல்லவில்லை.