அக்கா வீட்டில் நான் ஓதிய சூரா

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா புது வீட்டுக்குக் குடிபோனாள். ஐந்தாம் மாடி. காலையில் ஒரு லிஃப்டைப் பழுது பார்த்த கிரீஸ் என் நகத்தில் அப்படியே இருந்தது. "நீ ஏதாவது ஓது தம்பி, உன் குரல் நல்லா இருக்கும்" என்றாள். குர்ஆனில் எனக்குத் தடங்கல் இல்லாமல் வருவது தப்பத் என்கிற குட்டி சூரா ஒன்றுதான். ராகம் போட்டு இழுத்து ஓதினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், போனையே நோண்டிக்கொண்டிருந்தார். நல்ல மரியாதை!

ஏப்ரல் 7

மனுஷன் போனில் அர்த்தம் பார்த்திருக்கிறார்!

"கை நாசமாகட்டும், சொத்து உதவாது, நெருப்புல போவான், பொண்டாட்டி கழுத்துல கயிறு. குடிபோன வீட்டுல ஓதுறதா இதை? அன்னைக்குத்தான் உங்கக்கா கழுத்துல தங்கச் சங்கிலி போட்டேன்டா!"

"மச்சான், அது அபூலஹபைச் சொன்னது. நபியோட அப்பா கூடப்பிறந்தவன், ஆனா விரோதி..."

"அவனும் சொந்தக்காரன்தானே!"

வீட்டுப் பக்கம் வரக் கூடாதாம். பெற்ற உம்மா இறந்த பிறகு, பிறந்த வீட்டுச் சொந்தமென்று எனக்கு இருப்பது அக்கா ஒருத்தி. நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? வரிக்கு வரி அர்த்தம் எனக்கே இன்றைக்குத்தானே தெரியும்!

ஏப்ரல் 9

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பள்ளிவாசல் இமாமிடம் சொல்லி அழாத குறை. "ஓதினதுல குத்தமில்லப்பா, எல்லாம் அல்லாஹ்வுடைய வார்த்தை" என்றார். சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவிக்கொண்டே, தமிழ் அர்த்தம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்.

ஏப்ரல் 14

இப்போது வேறு தொல்லை. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தத்தை நினைத்துத் தொழுதால் தொழுகை முடிவதே இல்லை. "தூங்கிட்டீங்களா?" என்று மனைவி எட்டிப் பார்க்கிறாள். நேர்வழி காட்டு என்று நாள் தவறாமல் கேட்டிருக்கிறேன், என்ன கேட்கிறேன் என்றே தெரியாமல். அல்லாஹ் எவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்கிறான்! வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 16

அக்காவே கூப்பிட்டாள். "தம்பி, ஓடி வா! அவர் லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு!"

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது. கதவிடம் போய்க் குரல் கொடுத்தேன்.

"எல்லாம் உன் வேலைதான்! அன்னைக்கு ஓதினியே, அதான்!"

"மோட்டார்ல கோளாறு மச்சான். பயப்படாதீங்க, ஏதாவது ஓதிக்கிட்டு இருங்க."

உள்ளிருந்து வந்தது — தப்பத் சூரா! கணீரென்று, கடைசிக் கயிறு வரைக்கும்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடிக்கு ஓடி, மோட்டார்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கினேன். கதவைத் திறந்தால் மச்சான் வியர்வையில் குளித்து நிற்கிறார்.

"மாப்ளே... நான் என்ன ஓதினேன்?"

"நல்லாத்தான் ஓதினீங்க மச்சான்."

"வாயில அதுதான்டா வருது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாவமாகிவிட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்கா வீட்டில் மஃரிப், அந்தி நேரத் தொழுகை. மச்சான் என்னையே முன்னால் நின்று நடத்தச் சொன்னார். அர்த்தத்தோடு புதிதாய்ப் பாடம் செய்த சூராவை ஓதினேன். பசிக்கு உணவளித்தான், அச்சத்திலிருந்து அபயமளித்தான் என்று முடிகிற சூரா.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று தொழுது முடித்ததும் அக்கா கேட்டாள். சொன்னேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

வழியனுப்ப என்னோடு லிஃப்டில் ஏறியவர், பொத்தான்மேல் விரலை வைத்தபடி நின்றார்.

"எதுக்கும் அந்தப் புது சூராவை இன்னொரு தடவை ஓது மாப்ளே."