பாதிக் காற்று

சனிக்கிழமை இரவு

எழுத வேண்டியவை:
1. டயர் அளவு.
2. காற்று.
3. நாளைச் சேற்றுப் போட்டியில், இந்த வயதில் நான் ஜீப்பில் ஏறுவதில்லை என்ற முடிவு.

மருமகள் வனஜா இன்று தாமல் ஏரிச் சேற்றில் ஜீப்பை ஓட்டிப் பழகினாள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. வேலைக்கும் இதே ஜீப்பில்தான் போகிறாள்; சாலையில் ஓடும் வண்டிக்குப் பெரிய டயர் சட்டப்படி கூடாது என்று தடுத்தவன் நான். என்னால் நாளை தோற்றுவிடுவாளோ என்று தோன்றியது.

"பாதிக் காத்த எறக்குங்க மாமா, அப்பதான் டயர் சேத்தப் புடிக்கும். காத்து கொறஞ்சு டயர் கழண்டா நான் தூக்கிக்கினு வரேன், போதுமா?"

அளவுமானியைப் பார்த்துப் பார்த்து இறக்கிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜீப் ஓடம்போல அசைந்து அசைந்து கரையேறியது.

"நாளைக்கும் நீங்கதான் காத்து பாக்கணும். கூட வருவீங்கல்ல?"

தார்ச்சாலைக்காகக் காற்றை மறுபடி நிரப்பி வீடு வந்தோம். கண்ணை மூடினால் கட்டில் இன்னும் அசைகிறது.

மூன்றாவதாக எழுதியது தவறு.