தெருமுனையில் இன்னும் இறக்கப்படாத உன் பேனர்

என் பிரியமுள்ள மங்கைக்கு,

சர்வீஸ் முழுக்க எதை இறக்கினாயோ, அதிலேயே உன்னை ஏற்றிக் கட்டிவிட்டார்கள். நம் தெரு மெயின் ரோட்டில் சேரும் முனையில், நடைபாதையை உடைத்து இரும்புச் சட்டம் நட்டு, உன் முகம் போட்ட கண்ணீர் அஞ்சலி பேனரை நிறுத்தியிருக்கிறார்கள். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் இறக்கவில்லை. இதுதான் உனக்குச் செய்த அநியாயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களில் உன்னை அறியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வரி, பொறுத்துக்கொள். என் மனைவி மங்கையர்க்கரசி அரசாங்க வேலை பார்த்தவள். அனுமதி இல்லாமல் சாலையோரம் கட்டும் பேனர்களை இறக்கும் பிரிவில், ஓய்வு பெறும்வரை மேற்பார்வையாளராக இருந்தாள். பிறந்தநாள், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, தலைவர் வருகை என்று முதலியார்பேட்டையில் எதற்குத்தான் பேனர் இல்லை? எல்லாவற்றையும் இறக்கினாள். இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்தாள்.

இனி உன்னோடு பேசுகிறேன். அந்த பேனரை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. உன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். உன்னிடம் இல்லாத பட்டுப்புடவை, உன் கழுத்து அறியாத காசுமாலை. பின்னால் மேகம், பக்கத்துக்கு ஒரு புறா. உன் தலைக்கு மேல், உன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக, நம் வட்டாரப் பிரமுகர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கும்பிடுகிறார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது பேனரிலேயே போதுமான அளவு பெரிதாக இருக்கிறது.

கீழே வரிசையாகச் சின்னப் படங்கள், 'எங்கள் தாயே' என்று கதறும் தம்பிமார்கள். அதில் இடது ஓரம் இருப்பவன் யார் தெரியுமா? அவன் பிறந்தநாள் பேனரை நீ இறக்கிய அன்று நம் வீட்டு வாசலில் நின்று, "நீ நல்லா இருப்பியா, நாசமாத்தான் போவ" என்று கத்தினானே, அவனேதான். அன்றைக்கு நீ கதவைத் திறந்து, "கத்தினது போதும், தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, மங்கை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவனைப் பார்த்து வயிறு எரிகிறது.

சாவு பேனர்களுக்கு நீ தனியாக ஒரு வழக்கம் வைத்திருந்தாய். மற்றதையெல்லாம் கத்தி போட்டு அறுப்பீர்கள். சாவு பேனரைக் கருமாதி முடியும்வரை தொடமாட்டாய். முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் அழுதால் கேட்டுக்கொண்டு, காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, "காரியந்தான் முடிஞ்சிடுச்சே, எறக்கிடலாமா?" என்பாய். முதல் முடிச்சை அந்த வீட்டு ஆள்தான் அவிழ்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உன் ஆட்கள் ஏணியில் ஏறுவார்கள். முகம் உள்பக்கம் போகும்படி சுருட்டி வீட்டிலேயே கொடுத்துவிடுவீர்கள். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் அதனால்தான் ஒரு வீட்டுக்காரரும் உன்னோடு சண்டைக்கு வந்ததில்லை.

உன் கருமாதி முடிந்த மறுநாள் நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நானே பிரமுகர் வீட்டுக்குப் போனேன். "என்னாங்க ஐயா இப்பிடி சொல்றீங்க? அம்மாவுக்கு நாங்க செய்யற மரியாத இது. வருஷ நெனவு நாள் வரிக்கும் இருக்கட்டும்" என்றார். நினைவு நாள் வந்தது. கிழிந்த பழைய துணியை எடுத்துவிட்டு, புதிதாக, இன்னும் பெரிதாக ஒன்றை மாட்டினார்கள். கயிற்றுக்குப் பதில் இரும்புச் சட்டம் வந்தது அப்போதுதான். புது பேனரில் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

உன் ஆபீசுக்குப் போனேன். நீ உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ஓர் இளைஞர் இருக்கிறார். நல்ல பிள்ளைதான், எழுந்து நின்று பேசினார். "சார், இது சென்டிமென்ட் மேட்டர். மேடம் இந்த டிபார்ட்மென்ட்டுக்கே பெருமை. அவங்க பேனர நாங்களே எறக்கினா ஜனங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். "இறக்காவிட்டால் மேடம் என்ன சொல்லுவாள் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டேன். டீ வரவழைத்தார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஏழுமலையைப் பார்த்தேன். உன்னோடு அத்தனை வருஷம் ஏணி தூக்கியவன். "அம்மா மூஞ்சில நான் எப்பிடி ஐயா கை வெப்பேன்? கை அழுவிப் பூடாதா?" என்று கண் கலங்கினான். ஒருத்தருக்கு அரசியல், ஒருத்தருக்குப் பயம், இவனுக்குப் பாசம். மூன்றும் சேர்ந்து அந்தச் சட்டத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதில் யாரோடு நான் சண்டை போடுவது?

புல்வார் சாலைக்கு உள்ளே, வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வரும் வெள்ளைக்காரத் தெருக்களில் போய்ப் பார்த்தேன். சுவர்கள் சுத்தமாக இருக்கின்றன. அங்கே செத்தவர்களுக்கு மரியாதை இல்லையா? நம் முனையில் மட்டும்தான் மரியாதை வழியை மறிக்குமா?

இப்போது சொல்லப்போவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. பூக்கட்டும் அம்சா, உன் தலைக்கு முழம் பூவை அளக்காமலே கொடுப்பாளே, அவள் போன மாதம் அந்த முனையில் ரோட்டைத் தாண்டும்போது ஒரு ஸ்கூட்டர் இடித்துத் தள்ளிவிட்டது. பேனர் மறைத்ததால் வண்டி வருவது அவளுக்குத் தெரியவில்லை, அவள் வருவது வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. தொடை எலும்பு முறிந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனேன். "அக்கா மூஞ்சத்தான் பாத்துக்கினு வந்தேண்ணா. பட்டுப்பொடவைல மவராசியாட்டம் இருக்குதேன்னு பாத்தேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்து, "நீ ஒண்ணும் அக்காவத் திட்டாதண்ணா" என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

உன் பேத்தி லாஸ்பேட்டையில் காலேஜ் சேர்ந்துவிட்டாள், உனக்கு அதைச் சொல்லவில்லை பார். ஸ்கூட்டரில்தான் போகிறாள். தினமும் அதே முனையில்தான் திரும்புகிறாள். அவள் திரும்பிப் போகும் சத்தம் அடங்கும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன். உன் முகம் இருக்கும் இடத்தை நினைத்து நான் பயப்பட வேண்டுமா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நானே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறியும்விட்டேன். கூட்டம் கூடிவிட்டது. "பெருசுக்குப் பொண்டாட்டி மேல இன்னா கோவமோ" என்று ஒருத்தன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நான் திரும்பவில்லை. அவிழ்க்க முடிச்சு இல்லை. எல்லாம் போல்ட்டு, வெல்டிங். ஆலையில் தறி ஓட்டிய கை இது, போல்ட்டைக் கழற்றத் தெரியாமல் இல்லை. ஸ்பானரை வைப்பதற்குள் நம் பிள்ளை குமரன் ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டான்.

"நைனா, எறங்கு. கீழ விழுந்து தொலையாத. அவுரு போட்டோ கிழிஞ்சா கேசு போட்டுடுவாங்க."

"போடட்டும்டா."

"ஊரே அம்மாவக் கொண்டாடுது. உனக்கு மட்டும் ஏன் ஆவல?"

உன் மகன் கேட்ட கேள்விக்கு ஏணி மேலிருந்தே பதில் சொன்னேன். அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் அப்போதுதான் பார்த்தேன், மங்கை. உன் தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்குமே, அதை அழித்துவிட்டார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் இல்லை. யாரோ ஒரு சினிமாக்காரி போல வழவழவென்று இருந்தாய். "இது உங்கம்மா இல்லடா. நல்லாப் பாரு" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நான் இறங்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

இதை ஏழுமலையிடமும் போய்ச் சொன்னேன். தழும்பைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வூட்டு ஆளு மொதல்ல கை வெக்கணும். அம்மா போட்ட ரூலு அது. நீங்க வெச்சீங்கன்னா நான் வரேன் ஐயா. மேல எதுனா கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஆகவே எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிடுகிறேன்.

ஆபீசில் இருக்கும் இளைஞர் இறக்கச் சொல்லி உத்தரவு கொடுக்க வேண்டும். டீ வேண்டாம். உத்தரவு போதும்.

பிரமுகர் தன் படத்தைத் தானே ஆள் வைத்து வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். கிழிந்தது என்று நாளைக்கு என் மேல் பழி வரக்கூடாது. அம்சாவை ஒருமுறை போய்ப் பார்க்கவும் வேண்டும். அவர் ஆட்கள் சட்டத்தை அடியோடு பிடுங்கி, உடைத்த நடைபாதைக் கல்லைப் பழையபடி பதிக்க வேண்டும். இடது ஓரத்துத் தம்பி சிமென்ட் குழைக்கட்டும்.

ஏழுமலை ஏணி கொண்டு வருவான். குமரன் ஒரு பக்கத்தைப் பிடிப்பான், கேட்டுவிட்டேன், சரி என்றான்.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் சாவு விழுந்து பேனர் கட்டியவர்கள் இருந்தால், காரியம் முடிந்ததும் நீங்களே இறக்கிவிடுங்கள். வந்து கேட்பதற்கு இப்போது மங்கை இல்லை.

முதல் போல்ட்டைக் கழற்றுவது நான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும். கேஸ் போட்டால் கோர்ட்டில் உன் கண்ணாடி போட்ட படத்தைக் காட்டுவேன். திங்கட்கிழமை நம் பேத்தி அந்த முனையில் திரும்பும்போது, வலது பக்கம் வரும் வண்டி அவளுக்குத் தெரியும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எதற்கும் விட்டுக்கொடுக்காத
உன் வீட்டுக்காரன்,
குமரனின் அப்பா