ஏழாம் பலகையில் விழுந்த பத்து

அன்புள்ள பெயாட்,

நீ என்னை விட்டுவிட்டுப் பெட்டியோடு பெர்னுக்குப் போன மறுவாரமே ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். "வெடிச்சத்தம் கேட்டாலே கண்ண மூடிக்குவா" என்று முப்பது வருஷமாக வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, இப்போது மூடுவதில்லை. குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை நிதானமாக அழுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் எனக்கு ஆறாம் இலக்குப் பலகை, போட்டிக்கென்று ஊருக்கு வந்து பக்கத்தில் படுத்திருந்த உனக்கு ஏழு. நான் முதல் குண்டைச் சுட்டேன். குண்டு பட்ட இடத்தைக் காட்டும் என் திரையில் ஒன்றுமே விழவில்லை. பயிற்சி தரும் ரெகுலா குனிந்து, "அடியே, நம்பரப் பாத்தியா? பக்கத்து ஆளுக்குப் பத்து குடுத்துட்டியே!" என்றாள். முந்நூறு மீட்டருக்கு அப்பால் எல்லாப் பலகைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

நீ உடனே கையைத் தூக்கி, "இது என்னுது இல்ல!" என்று கூடமே கேட்கக் கத்தினாய். விதி அதுதான், தப்பில்லை. எனக்குப் பூச்சியம் போட்டார்கள்.

போடட்டும். முதல் போட்டியில், முதல் குண்டில், நட்டநடுவில் அடித்தவள் நான். அது உன் திரையில்தான் தெரிந்தது, நீயே பார்த்தாய்.

அன்று நான் மாட்டியிருந்தது நீ விட்டுப்போன உன் பழைய காதுக்கவசம். வந்து எடுத்துக்கொண்டு போ. எனக்கென்று ஒன்று வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
கண்ணைத் திறந்தே சுடுகிறவள்