துரை வெட்டிய மோட்டார்

1922 பெப்ரவரி 11, பதுளை

மோட்டார் வந்துவிட்டது. நமுனுகுல மலைத் தோட்டத்துத் துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போகிறார், விற்றுவிட்டார். பந்தயத்துக்காக அதைத் தம் இஷ்டத்துக்கு வெட்டியிருக்கிறார். பின் ஆசனம் இல்லை. ஸ்பிரிங்கை இறுக்கியதில் வண்டி எலும்பைக் குலுக்குகிறது. சைலன்சரை அறுத்து எறிந்திருப்பதால் சத்தம் இரண்டு மலைக்குக் கேட்கும். விசாலாட்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வாலை அறுத்தா குதிரை வேகமா ஓடும்னு அந்தத் துரைக்கு யாருங்க சொன்னது?" என்றாள். மகன் சிவஞானத்துக்கு மட்டும் தரையில் கால் பாவவில்லை. அவன்தான் ஓட்டப்போகிறான்.

பெப்ரவரி 12

பென்ஷன் வாத்தியாருக்கு எதற்கு மோட்டார் என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் நான் படிப்பித்த பையன் அழகையா. போன வருஷம் அவன் மனைவி பாக்கியலெட்சுமிக்குப் பிரசவம் சிக்கலாகி, கம்பளியில் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வழியிலேயே பிள்ளை போய்விட்டது. இப்போது மறுபடியும் நிறைமாதம். இந்தத் தடவை தூளி வேண்டாம், கார் கொண்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். ஒரு பிள்ளை உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும். அதற்குத்தான் மோட்டார்.

பெப்ரவரி 20

பட்டறை இத்ரூஸ் ஆசனம் பொருத்தினார். ஸ்பிரிங்கையும் தளர்த்தினார். "செஞ்சவன் ஒழுங்காத்தான் செஞ்சீக்கான் மாஸ்டர். திருத்தினவன்தான் கெடுத்துப்போட்டான்" என்றார்.

வகுப்பில் அப்படிச் சிலர் உண்டு. கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். மணி அடிக்கப்போகும் நேரத்தில் புத்தி அதிகமாகி, அழித்துத் தவறாக எழுதிக் கொடுப்பார்கள்.

சைலன்சர் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரை சத்தத்தோடு ஓடட்டும். சத்தத்தால் யாருக்கு என்ன கேடு?

மார்ச் 3

சைலன்சர் வரவில்லை. மழை.

மார்ச் 9

எழுத வரவில்லை.

மார்ச் 10

நேற்றுக் காலை அழகையா நடந்தே வந்து சேர்ந்தான். "வலி கண்டுருச்சுங்கய்யா. ஆத்தா கூட இருக்கு." உடனே அவனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மலைப்பாதை முழுக்க எஞ்சின் கத்திக்கொண்டே போயிற்று. நேரத்தோடு போய்விடுவோம் என்று அவன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவரும் இல்லை. அழகையா வீட்டு அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது, பாய் விரித்திருக்கிறது, பாக்கியலெட்சுமி இல்லை. அழகையா பெயர் சொல்லிக் கத்தினான். கீழே தேயிலைக்குள்ளிருந்து அவன் தாய் கருப்பம்மாவின் அழுகைதான் பதிலாக வந்தது.

வண்டியை விற்ற துரை நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு வராதவர்களைப் பிடிக்க, அது முடிந்ததும் இதே வண்டியில் லயத்துக்கு வருவாராம். காய்ச்சல், வலி எதையும் நம்பமாட்டாராம். இந்தச் சத்தம் கேட்டால் படுத்திருப்பவர்களும் எழுந்து தேயிலைக்குள் ஒளிவது வழக்கமாம்.

"தொரை சீமையிலருந்து திரும்பிட்டாருன்னு நெனச்சேன் சாமி. நாந்தான் எந்திரி எந்திரின்னு இழுத்துக்கிட்டுப் போனேன். கல்லுக்கட்டுல வழுக்கிருச்சு சாமி..." என்றாள் கருப்பம்மா.

ஆஸ்பத்திரியில் பாக்கியலெட்சுமி பிழைத்தாள். ஆண் குழந்தை. அழவேயில்லை.

கார் வரும் என்று சொல்லியனுப்பினேன். யாருடைய கார் என்று சொன்னேனா? ஒரு வார்த்தை — ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஏன் தோணல எனக்கு?

மார்ச் 14

ஆஸ்பத்திரிக்குப் போனோம். விசாலாட்சி கட்டிலருகில் உட்கார்ந்து பாக்கியலெட்சுமியின் தலையை வாரிவிட்டாள். படுத்திருந்தவள்தான் முதலில் பேசினாள்.

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நானே ரோட்டுக்கு நடந்து வந்து நின்னுருப்பேனுங்கய்யா. நீங்க மனசு விட்டுறாதீங்க."

என்னைத் தேற்றுகிறாள்.

மார்ச் 28

சைலன்சர் வந்து, இத்ரூஸ் பூட்டிக் கொடுத்தார். "இப்ப பூனை மாதிரிப் போகும் மாஸ்டர்." சிவஞானம் சிரிக்கவில்லை. விற்றுவிடலாமா என்று கேட்டான். அடுத்த பிரசவத்துக்கு, அடுத்த காய்ச்சலுக்கு யார் போவது என்றேன். சாவியை வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 19

தோட்டத்தில் ஒரு கிழவருக்குக் கடும் காய்ச்சல் என்று செய்தி வந்தது. போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவு தாண்டியதும் முன்னால் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். பாக்கியலெட்சுமி. வேலைக்குத் திரும்பிவிட்டாள் போலும்.

பக்கத்தில் போகும்வரை அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தவள் ஒரே தாவலில் ரோட்டோர வடிகால் கானில் இறங்கி, தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்துவிட்டு நின்றாள். துரைமார் வண்டிக்கு நிற்பது போல.

"நான்தாம்மா" என்றேன்.

"தெரியுதுங்கய்யா." சிரிக்கக்கூடச் செய்தாள்.

"ஏறிக்கோ. லயத்துல விட்டுடுறோம்."

"வேணாங்கய்யா. நீங்க போங்க. நீங்க போனப்புறம் நான் ரோட்டுக்கு ஏறிக்கிறேன்."

சிவஞானம் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். கானில் செம்மண் தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றி ஓடியது. அவள் ஏறவில்லை.

கிழவர் காத்திருக்கிறார். நாங்கள் போனோம்.