திரையில் தெரியாத வலக்கை

ஏறாவூர்,
29.01.2025

அன்பு மகள் நுஸ்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். உன் சுகத்தை நீ சொல்லி நம்பும் நிலையில் நான் இல்லை. காரணங்கள் தேதிவாரியாக:

1. 10.01.2025, வெள்ளி. தொலைபேசித் திரையில் எங்களோடு துஆவில் இறைவனிடம் கேட்க நீ ஏந்தியது இடக்கை மட்டும். வலக்கையில் தேநீர்க் கோப்பை என்றாய்.
2. 17.01.2025. அன்றும் தேநீர்.
3. 24.01.2025. “புள்ள ஒத்தக் கையால துஆக் கேக்கிறாள், இது தேத்தண்ணி இல்ல, என்னமோ இரிக்கி” என்று உம்மா சொன்னதால் நேரடியாகக் கேட்டேன். இணைப்பைத் துண்டித்தாய்.
4. 27.01.2025. நீ நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை, உன்னோடு ஒஸ்லோவில் ஆய்வு செய்யும் ரிஸ்கான் சொல்லி அறிந்தேன்.

ஆய்வுகூடக் கண்ணாடி கிழித்து வலக்கை ஆட்காட்டி விரல் சீழ் பிடித்த பிறகும் வைத்தியரிடம் போகாமல், தவளைத் தோலிலிருந்து நீ பிரித்தெடுத்த பெப்டைட் என்ற புரதத் துண்டையே ஆறு நாள் பூசியிருக்கிறாய், தடுத்த ரிஸ்கானிடம், “பக்டீரியாவைக் கொல்லுதெண்டு ஆறு வருசமா எழுதிட்டு, என்ட விரலுக்கு மட்டும் நம்பாம விடவா” என்று சிரித்தாயாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இருபத்தெட்டு வருடம் விலங்கியல் கற்பித்தவன் சொல்கிறேன்: ஆய்வுகூடத் தட்டில் வளர்ந்த பக்டீரியாவின் மென்சவ்வை அது துளைக்கும், ஆனால் காயத்திலுள்ள உப்பும் நொதியங்களும் அதையே முடக்கிச் சிதைத்துவிடக்கூடும், தவளைக்குப் பலிப்பது அதன் தோல் ஓயாமல் புதிதாகச் சுரப்பதால். முதலாம் வருட மாணவி இதை எழுதாவிட்டால் நீயே புள்ளி குறைத்திருப்பாய். உன் ஆய்வை நான் குறை சொல்லவில்லை, உன் கட்டுரையைப் பிரதியெடுத்து வகுப்பில் கொடுத்தவன் நான்தான்.

உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றைய மழைக்கு வட்டை வயல் முழுக்கத் தவளைச் சத்தம், “மகள்ட ஆக்கள் வந்திட்டாங்க” என்று அவ சிரித்தா, நான் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். மறைப்பதில் நானும் இப்போது உன் பக்கம் சேர்ந்துவிட்டேன், அதற்காகவும் உன்மேல் கோபம். வைத்தியர் தந்த மருந்தை நாள் முடியும்வரை குடி, வலி நின்றதென்று இடையில் விடாதே. குளிரில் விரலில் போட்ட கட்டை நனைக்காதே. சமையலை ரிஸ்கான் பார்க்கட்டும், நான் சொல்லியிருக்கிறேன்.

அந்த விரல் இனி மடங்குமா என்பது தெரியாதென்று அவன் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அல்லாஹ் அதை உனக்கு முழுதாகத் திருப்பித் தருவானாக.

07.02.2025 வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். தட்டச்சும் குரல் பதிவும் ஏற்கப்படமாட்டா. வலக்கையால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பு. எவ்வளவு கோணலானாலும் ஒரு வரி போதும், மகள்.

இப்படிக்கு,
வாப்பா
எம். சாலிஹ்