மூன்றாம் வகுப்பில் ஒருத்தி

மார்ச் 3

மதிப்புக்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கும், அவர்களுக்குள்ளேயே குடியிருக்கும் என் அன்பு மனைவிக்கும்,

பட்டணத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைதான் சுற்றுகிறது. பஸ் ஏற்றிவிட வந்த நம் வாண்டிடம், "நீ முதல் ரேங்க், சரி. ரெண்டாவது ரேங்க் யாரு?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "யாருமில்லப்பா, மூணாங்கிளாஸ்ல நான் மட்டும்தான்" என்கிறாள்!

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஆறு கட்டடத்திலும் 'என் பொண்ணு ரெண்டு வருஷமா முதல் ரேங்க்' என்று பீற்றிக்கொண்டு திரிகிறேன். போன மாதம், என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு மிட்டாய் வேறு கொடுத்தேன். கடைசி ரேங்க்கும் அவளேதான் என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்ல? நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஒருத்திக்காக ஒரு வகுப்பா? இங்கே வகுப்புக்கு நாற்பது பேர் படிக்கிற பள்ளியில் இடம் கேட்கலாமென்று இருக்கிறேன். உன் சின்னப் பள்ளியில் அப்படி என்ன நன்மை என்று எழுது. புரிந்தால் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

குழப்பத்துடன்,
முதல் ரேங்க்கின் அப்பா

மார்ச் 9

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டீர்களே, 'வகுப்பில் மொத்தம் 1' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தேனே, கண்ணில் படவில்லையா?

நன்மை கேட்டீர்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அறையில் உட்காருவதால் அஞ்சாங்கிளாஸ் பாடத்தைக் காதில் வாங்கியே பாதி படித்துவிட்டாள். ஒருத்தர் வராவிட்டால் மீதிப் பேர் வீடு தேடிப் போய் நிற்கிறார்கள். கணக்கை முதலில் முடித்தவர்கள் முடிக்காதவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். டீச்சர் நான் ஒருத்திதான் என்பதால் வந்த சட்டம் அது. முன்பு அங்கே பட்டணத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தபோது வருஷம் முழுக்க 'அமைதியான பிள்ளை' என்று எழுதி அனுப்பினார்களே, அந்தப் பிள்ளை இங்கே வாயை மூட மாட்டேனென்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. பள்ளியில் இருப்பது பத்துப் பிள்ளைகள். பத்துக்குக் குறைந்தால் மூடிவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் எண்ணிக்கை அனுப்ப வேண்டும். அந்தப் பத்தில் நம் வாண்டும் ஒருத்தி. நான் அவளுக்காகப் பேசுகிறேனா, பள்ளிக்காகப் பேசுகிறேனா? சத்தியமாக எனக்கே விளங்கவில்லை.

உங்கள்,
டீச்சர்

மார்ச் 15

டீச்சரம்மா,

கோபம் வந்தது உண்மை. என் பிள்ளையைத் தலைக்கணக்குக்கு உட்கார வைத்திருக்கிறாயா என்று நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். நீயாகச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அப்புறம் உன்மேல் எப்படிக் கோபப்படுவது?

ஏப்ரல் 20 இங்கே நுழைவுத் தேர்வு. மாற்றுச் சான்றிதழ் கையோடு வேண்டுமாம். முடிவு உன் கையில்.

உன்னவன்

ஏப்ரல் 11

அன்புள்ளவருக்கு,

மூன்று வாரமாக யோசித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளிக்கூடம் குறுக்கே வந்து நிற்கிறது. என்னை நானே நம்ப முடியாததால் அனுப்பிவிடுகிறேன்.

மாற்றுச் சான்றிதழை நானே எழுதி, தலைமையாசிரியையாக ஒரு கையெழுத்துப் போட்டு, பெற்றோர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டு, என்னிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன். அப்போது அழுதுவிட்டேன். உங்கள் தங்கை புதன்கிழமை வாண்டை அழைத்து வருவாள். பேசிக்கொண்டே இருப்பாள், கொஞ்சம் காது கொடுங்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 21

அன்புள்ள உனக்கு,

நேற்றுத் தேர்வு. பெரிய ஹால், அறுபது பிள்ளைகள். அரை மணி நேரத்தில் ஒரு டீச்சர் வாண்டின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். காப்பியடித்தாளாம்! விசாரித்தால், இவள் தன் கணக்கையெல்லாம் முடித்துவிட்டு எழுந்து போய், முன் வரிசையில் அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குக் கழித்தல் சொல்லித்தந்திருக்கிறாள்.

"ஏம்மா அப்படிப் பண்ணே?"

"அந்தப் புள்ளைக்குத் தெரியலப்பா. எனக்கு முடிஞ்சிடுச்சு. சும்மாவா உக்காந்திருக்கிறது?"

அவள் கேட்டதும் என் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மோட்டாரைப் பிரித்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தேன். வேலை தெரிந்த நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வந்தவர்களை நானும் அப்படித்தான் பார்த்தேன். தொழில் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இனிமேல் இப்படிச் செய்யமாட்டாள் என்று நான் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் மறுபடி தேர்வு வைப்பார்களாம். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். எதற்கு மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை. ஆனால் நாலு பேரோடு போட்டி போட்டும் பழக வேண்டாமா என்றும் ஒரு பக்கம் உறுத்துகிறது. அவளைத் திருப்பி அனுப்பட்டுமா? நீ சொல், கேட்கிறேன்.

உன்னவன்

மே 4

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே எண்ணிக்கை போய்விட்டது. ஒன்பது. திருத்தித் தரச் சொல்லி அலுவலகத்துக்கு ஓடினேன். போனது போனதுதான் என்றுவிட்டார்கள். வருகிற வருஷம் மட்டும் பள்ளி நடக்கும், அதோடு மூடிவிடுவார்கள். ஒன்பது வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு அம்மா, "உங்க பொண்ணை மட்டும் முன்னாடியே அனுப்பிட்டீங்களே டீச்சர்" என்று கேட்டார். தலை குனிந்து வந்தேன். அந்தப் பாவம் என்னை விடாது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இனி வாண்டு இங்கே வந்தாலும் வராவிட்டாலும் பள்ளிக்கு ஒரு லாபமும் இல்லை. எனக்கும் இல்லை. இப்போது உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், குறுக்கே எதுவும் வரவில்லை.

அனுப்புங்கள். இருக்கிற ஒரு வருஷமும் அவள் இங்கேயே படிக்கட்டும்.

வாண்டின் அம்மா